அச்சுக்கு முன் காட்டாத வரி

20 ஜூலை 1998, திங்கள்

பவளத்தை இன்று காலை ஒன்பதே காலுக்கு ஆலையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். தகவல்: முன்வாசல் காவலர் மாதப்பன், எதிர்ச்சாரி எஸ்.டி.டி. பூத்திலிருந்து. "சார், உங்க பாப்பாவ அனுப்பிச்சிட்டாங்க. கார்டு, சாவி எல்லாம் வாங்கிக்கினாங்க. நான் சொன்னன்னு சொல்லாதீங்க." சஸ்பென்ஷனா, வேலைநீக்கமா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

பத்தரைக்கு அவளே வந்தாள். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். செருப்பெல்லாம் செம்மண்.

"என்னடி வெள்ளனவே வந்துட்ட? மேலுக்குச் சேட்டமில்லையா?" என்றாள் இருளாயி. மகள் அம்மாவைத் தாண்டி வந்தாள். பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து என் மேஜையில் வைத்தாள். 12ஆம் தேதி ஞாயிறு இணைப்பில் அவளைப் பற்றி நான் எழுதிய கட்டுரை. ஒரு வரியின் கீழ் சிவப்பு மையில் கோடு.

'1996 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், பணி முடிந்தபின், மாலை ஆறு முதல் எட்டரை வரை ஆலைக் கணினியிலேயே அமர்ந்து இதன் முதல் வடிவத்தை எழுதினார்.'

"இது நீங்க எழுதினதுதான?"

"ஆமா."

"சரி."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் போடவில்லை. போட்டிருந்தால் தட்டியிருப்பேன்.

21 ஜூலை, செவ்வாய்

இருபத்தெட்டு வருஷம் செய்தி எழுதியவனுக்கு எதையும் வரிசைப்படுத்தினால்தான் புரிகிறது. வரிசைப்படுத்துகிறேன்.

பவளத்துக்கு வயது 26. லாரிக்குப் பல்சக்கரம் செய்யும் ஆலையின் கம்ப்யூட்டர் பிரிவில் நான்கு வருஷம். 1996இல் அங்கே எச்சரிக்கை அறிவிப்பு எல்லாம் ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தது. நாகரசம்பட்டியிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த ஒருவர் அதைப் படிக்கத் தெரியாமல், ஓடுகிற இயந்திரத்தின் மூடியைத் திறந்தார். இரண்டு விரல். தமிழில் அச்சடிக்க ஏதாவது உண்டா என்று இவள் தேடினாள். கடையில் விற்றவை எதுவும் ஆலையின் பழைய பிரிண்டரில் ஓடவில்லை. அந்த பிரிண்டர் ஊசியால் குத்திக் குத்தித்தான் எழுதும். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு எழுத்துக்கும் எந்தெந்தக் கட்டத்தில் ஊசி குத்த வேண்டும் என்று பென்சிலால் நிரப்பி, அதை வைத்து ஒரு புரோகிராம் எழுதினாள். பெயர் 'புள்ளி'.

முதல் இரண்டு மாதம் ஆலைக் கணினியில். பிறகு பெங்களூரில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி, இரண்டு வருஷமாக எல்லாம் இந்த வீட்டில்தான். காலை ஐந்திலிருந்து ஏழு வரை. ஞாயிறு முழுக்க.

யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்வரிகளைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், இன்னொருவருக்குக் கொடுக்கலாம். வாங்குகிறவருக்கும் அதே உரிமை போய்ச் சேரவேண்டும், அது மட்டும் நிபந்தனை. "எவனாவது எடுத்து வித்துட்டா என்னம்மா பண்ணுவ?" என்று ஒருமுறை கேட்டேன். "விக்கட்டும்ப்பா. உள்ள இருக்கறத மறைக்காம வித்தா போதும்." இதையும் கட்டுரையில் எழுதினேன். நல்ல வரி என்று ஆசிரியர் பாராட்டினார்.

அஞ்செட்டிப் பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் பட்டியல் இதில்தான். சிங்கப்பூரிலும் ஜெர்மனியிலும் இதை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் பிழையை ஈ-மெயிலில் சொல்வார்கள். நம்மூர்க்காரர்கள் இன்லண்டு லெட்டரில். ஒன்றுவிடாமல் பதில் போடுவாள். சனிக்கிழமை சனிக்கிழமை ஃபிளாப்பிகளை டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறுவாள். அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இன்டர்நெட் உண்டு. அங்கு வேலைபார்க்கும் சம்பங்கிதான் புள்ளியில் கன்னட எழுத்தைச் சேர்த்தவன். இருவரும் உட்கார்ந்து வந்த திருத்தங்களைச் சேர்த்து, புது வடிவத்தை அனுப்பிவிட்டு, இருட்டுவதற்குள் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி வந்துவிடுவாள்.

ஆலை அவளிடம் கொடுத்த கடிதத்தைக் கடைசியில் பார்த்துவிட்டேன். வேலைநீக்கம்தான். பணி நியமன உத்தரவின் பதினான்காவது விதி: ஆலைச் சாதனத்தால் உருவாகும் எதுவும் ஆலைக்குச் சொந்தம். பதினைந்து நாளுக்குள் புள்ளியை எல்லா இடத்திலிருந்தும் திரும்பப் பெற வேண்டும். இல்லையெனில் வழக்கு. ஆதாரம்: என் கட்டுரை, வாசல் பதிவேடு.

வாசல் பதிவேட்டைக் கட்டுரைக்கு முன்னால் நானும் பார்த்தேன். மகள் சொன்னதுதானே என்று விடவில்லை. மாதப்பனிடம் கேட்டு, எட்டரைக்கு அவள் வெளியேறியதை ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டேன்.

22 ஜூலை

பேசவில்லை. சாப்பிட்டாள்.

26 ஜூலை, ஞாயிறு

சம்பங்கி வந்தான். ஒல்லியான பையன், வீட்டில் தெலுங்கு, வேலையில் கன்னடம், எங்களிடம் தமிழ். கூடத்தில் பேசிக்கொண்டார்கள். நான் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டேன்.

"அந்த ரெண்டு மாசத்து லைன்ஸ் ஒண்ணும் மிச்சமில்ல, எல்லாம் தூக்கிப் போட்டாச்சுன்னு ஈ-மெயில் லிஸ்ட்ல சொல்லிடலாம். யாரு வந்து செக் பண்ணப் போறா?" என்றான்.

"எழுத்து அட்டவண இருக்குல்ல. அது ஆலையில போட்டது."

"திரும்பப் போடு. மூணு வாரம் ஆகும், அஷ்டே, அவ்வளவுதான்."

"நான் திரும்பப் போட்டா அதேதான் வரும் சம்பங்கி. என் கை அப்படித்தான் போடும். நீயும் உள்ள பாத்தவன், நீயும் தொடக்கூடாது."

கிளம்பும்போது வாசலில் என்னிடம் சொன்னான்: "பவளம் பொய் சொல்லாது அங்கிள். அதான் பேஜாராகுது."

28 ஜூலை, செவ்வாய்

எழுத வேண்டாம் என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டதை எழுதிவிடுகிறேன்.

ஜூலை 9, வியாழன். கட்டுரையைத் தட்டச்சு செய்து முடித்து உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். பவளம் ஈரத்தலையோடு வந்து நின்றாள். "ஒருவாட்டி படிச்சிப் பாத்துக்கறேன்ப்பா." நான் சிரித்தேன். "அச்சுக்கு முன்னால யாருக்கும் காட்டறதில்லம்மா. கலெக்டருக்கே காட்டினதில்ல." அவளும் சிரித்தாள். "சரிங்க ரிப்போர்ட்டர் சார்" என்று சொல்லிவிட்டுத் தலை துவட்டப் போனாள்.

கேட்டதைக் கொடுத்திருந்தால் பென்சிலை எடுத்து அந்த ஒரு வரியை அடித்திருப்பாள். கட்டுரைக்கு அந்த வரி தேவையே இல்லை. அதை நான் எழுதியது, மணி கூடத் தெரிந்து வைத்திருக்கிறேன் என்று காட்டத்தான். யாரிடம் காட்ட? அவள் அதைச் சொன்னது சாப்பாட்டுத் தட்டின் முன்னால், அப்பாவிடம். ரிப்போர்ட்டரிடம் இல்லை.

அச்சுக்கு முன் காட்டாத அந்த விதி நல்ல விதி. எத்தனையோ பேரிடமிருந்து எத்தனையோ செய்தியைக் காப்பாற்றியிருக்கிறது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்தது யார்?

29 ஜூலை, புதன்

ஆலையின் பணியாளர் அதிகாரி நாராயணப்பனைப் போய்ப் பார்த்தேன். பதினெட்டு வருஷப் பழக்கம்.

"வாங்க பரமசிவம் சார். வருவீங்கன்னு தெரியும். காபி சொல்லட்டா?"

"வேணாம்."

"கோவிச்சி என்ன பண்றது சார்? பேப்பர்ல போட்டது நீங்க. எங்க பெரியவரு படிச்சிட்டு, இது நம்மளுதா அந்தப் பொண்ணோடதான்னு கேட்டாரு. ரிஜிஸ்டர எடுத்துப் பாத்தேன். நீங்க எழுதினது நிமிஷம் மாறல. நீங்கதான் பெரிய ரிப்போர்ட்டர் ஆச்சே!"

கதவைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"நானும் பொண்ணப் பெத்தவன்தான். ஒரு மறுப்பு போடுங்க. ஆலைக் கம்ப்யூட்டர்னு வந்தது தப்பு, வீட்லதான் எழுதுனாங்கன்னு நாலு வரி. ரிஜிஸ்டர நான் பாத்துக்கறேன். ஃபைல மூடிடலாம். பாப்பா ஒண்ணாந்தேதி வேலைக்கு வரட்டும்."

வெளியே வரும்போது முன்வாசலில் வேறு ஆள். மாதப்பனைப் பின்வாசலுக்கு மாற்றிவிட்டார்களாம்.

30 ஜூலை, வியாழன்

மறுப்பை எழுதினேன். நான்கு வரிக்கு ஆறு தாள் கிழித்தேன். பொய்ச் செய்தி எழுதத் தெரியாது என்பதல்ல. எனக்கு நன்றாகவே வந்தது.

"அனுப்பிருங்க. புள்ள பொழப்பு பெருசா, ஒங்க பேப்பரு பெருசா?" என்றாள் இருளாயி.

அனுப்புவதற்கு முன் பவளத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். பழக்கத்தில் கையில் பென்சில் இருந்தது. எதையும் அடிக்கவில்லை.

"இது பொய்."

"ஒரே ஒரு வரிம்மா. உன் வேல, உன் புள்ளி, எல்லாம் திரும்பக் கெடைக்குது."

"யாரு வேணா உள்ள தொறந்து பாக்கலாம்னு சொல்லிக் குடுத்தது. அடியில ஒரு பொய்ய மறைச்சி வெச்சிட்டு எப்பிடிக் குடுக்கறது?"

தாளை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள். அப்புறம் கேட்டாள்:

"இத மட்டும் எதுக்குப்பா முன்னாடியே காட்றீங்க?"

 கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். குரல்கூட உயரவில்லை அவளுக்கு. ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாமே நான் — தப்புதான் தாயின்னு ஒரு வார்த்த. வாய் வரலியே. வாய் வரலியே.

2 ஆகஸ்ட், ஞாயிறு

புள்ளி திரும்பப் பெறப்பட்டது. நேற்று மாலை நான்கு மணிக்கு, பெங்களூரிலிருந்து. தகவல்: சம்பங்கி.

ஈ-மெயில் குழுவுக்கு அவள் எழுதிய கடிதம் ஏழு வரிதானாம். 'இதைக் கொடுக்க எனக்கு உரிமை இருப்பதாக நம்பிக் கொடுத்தேன். அது தவறு. தயவுசெய்து நிறுத்திவிடுங்கள், அழித்துவிடுங்கள்.' காரணமாக என் கட்டுரையைக் குறிப்பிடவில்லை.

ஈ-மெயில் இல்லாதவர்களுக்கு இன்லண்டு லெட்டர். 63 கடிதம். காலையிலிருந்து கையால் எழுதுகிறாள், புள்ளியில் அச்சடிக்க முடியாது அல்லவா. நான் முகவரி எழுதுகிறேன் என்றேன். "வேணாம்" என்றாள். தபால் பெட்டியில் போடும் வேலை மட்டும் கிடைத்தது. இரண்டு தடவையாகப் போட்டேன்.

13 ஆகஸ்ட், வியாழன்

அஞ்செட்டியிலிருந்து பதில். ஆசிரியை முனிலட்சுமி. 'அழிக்கச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். அழித்துவிட்டோம். காலாண்டுப் பட்டியலைக் கையால் எழுதிக்கொள்வோம். உங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே?'

பவளம் அதைப் படித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள். பாத்திரம் எதுவும் கழுவவில்லை.

24 ஆகஸ்ட், திங்கள்

காலை ஏழே முக்கால் பஸ்ஸில் பெங்களூர் போய்விட்டாள். ஒரு சின்ன கம்பெனியில் வேலை, மகளிர் விடுதியில் இடம். கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடிவிட்டுப் போயிருக்கிறாள். பஸ் ஸ்டாண்டுக்கு அம்மாவை மட்டும் வரச் சொன்னாள்.

6 செப்டம்பர்

பதின்மூன்று நாள். கடிதமில்லை. அம்மாவுக்கு இரண்டு தடவை போன். நான் எடுத்தால், "அம்மா இருக்காங்களா?" அவ்வளவுதான்.

13 செப்டம்பர், ஞாயிறு

சம்பங்கி வந்தான். ஒரு வழி இருக்கிறதாம்.

"புள்ளியோட உள்வரியப் பாக்காத ஒருத்தர் புதுசா எழுதலாம் அங்கிள். கேஸ் நிக்காது. பினாங்குல பெரியதம்பின்னு ஒருத்தர். பாத்ததே இல்ல, யூஸ் பண்ணினதுகூட இல்ல. நான் எழுதறேன்னு லிஸ்ட்ல சொல்லியிருக்காரு."

"எதைப் பாத்து எழுதுவார்?"

"அதுக்குத்தான் வந்தேன். அது என்னென்ன செய்யுதுன்னு வெளியில இருந்து பாத்து ஒருத்தர் எழுதிக் குடுக்கணும். எப்படிச் செய்யுதுன்னு ஒரு வார்த்த வரக்கூடாது. அது மட்டும் எழுதற வரைக்கும் ஒரு காப்பி ஓட்டிப் பாக்கலாம்னு ஆலை வக்கீலுகிட்ட கையெழுத்து வாங்கிட்டேன். அவங்களுக்கு இதுல அக்கறையே இல்ல, புள்ளிய நிறுத்த வெச்சு ஜெயிச்சாச்சு. முனிலட்சுமி மேடம் எழுதலாம், ஆனா அவங்க மார்க் லிஸ்ட் மட்டும்தான் போட்டிருக்காங்க. தினமும் யூஸ் பண்ணினது நீங்க. ரெண்டு வருஷம் நியூஸ் எல்லாம் அதுலதான அடிச்சீங்க? உள்வரிய எப்பவாச்சும் படிச்சிருக்கீங்களா? நிஜமா சொல்லுங்க அங்கிள், கையெழுத்துப் போடணும்."

யோசித்தேன். உள்வரிகளை அவள் நீளத் தாளில் அச்சடித்து, பென்சிலால் திருத்தி, திருத்தியதும் என் மேஜையில் போடுவாள். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். இரண்டு வருஷமாக என் செய்திக் குறிப்பு எல்லாம் அந்தப் பின்பக்கத்தில்தான் எழுதியிருக்கிறேன். முனிசிபல் கூட்டம், மாங்காய் விலை, விபத்து, வேலைநிறுத்தம்.

ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்த்ததில்லை.

"படிச்சதில்ல" என்றேன். கையெழுத்துப் போட்டேன். பொய்யில்லாமல் போட்ட கையெழுத்து. இவ்வளவு கூசியதும் எதுவுமில்லை.

"பவளத்துக்குத் தெரியுமா?"

"சொன்னேன். ஒண்ணும் சொல்லல. வேணாம்னும் சொல்லல."

20 செப்டம்பர், ஞாயிறு

துணியை எடுத்தேன். செயல் விவரம் எழுதும் வேலை தொடங்கியது. ஒரு பக்கத்துக்கு ஒரு செயல். என்ன செய்தேன், என்ன நடந்தது, மறுபடி செய்தால் மறுபடி அதுவே நடக்கிறதா. மூன்று தடவை நடந்தால்தான் எழுதுகிறேன்.

இருளாயி எட்டிப் பார்த்து, "இப்பத்தான் அவ என்ன செஞ்சான்னு பாக்குறீகளாக்கும்" என்றாள். நான் நிமிரவில்லை.

27 செப்டம்பர், ஞாயிறு

பக்கம் 9. ரிப்பன் பழசாகி மை மங்கினால், ஒவ்வொரு புள்ளியையும் இரண்டு தடவை குத்தச் சொல்லலாம். பக்கம் 10. கன்னடமும் தமிழும் ஒரே வரியில் வந்தால் இரண்டின் உயரமும் சமமாகும்.

4 அக்டோபர், ஞாயிறு

பக்கம் 11-ஐ எழுதிவிட்டு எழுந்துவிட்டேன். வெளியே போய் நின்றுவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

வரியின் முடிவில் வார்த்தைகள் எப்படி உடைகின்றன என்று சோதித்துக்கொண்டிருந்தேன். எல்லா வார்த்தையும் எங்கே வேண்டுமானாலும் அடுத்த வரிக்குப் போயிற்று. மனிதர் பெயர் மட்டும் போகவில்லை. தலைப்பெழுத்து ஒரு வரியிலும் பெயர் அடுத்த வரியிலுமாகப் பிரிவதே இல்லை. 'மு.' என்று வரியின் கடைசியில் இடமிருந்தாலும், அதையும் தூக்கி அடுத்த வரியில் பெயரோடு சேர்த்துவிடுகிறது. நாற்பது பெயர் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றுகூடப் பிரியவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் சாப்பிடும்போது நான் புலம்பினேன். ஒரு பஸ் விபத்துச் செய்தி. இறந்தவர்கள் பட்டியலில் தலைப்பெழுத்து மேல் வரியில், பெயர் கீழ் வரியில் என்று அச்சாகி, பேப்பர் ஆபீஸில் யாரோ மாற்றிச் சேர்த்துவிட்டார்கள். உயிரோடு இருந்த ஒருவரின் வீட்டில் ஒப்பாரி. அன்று அந்த வீட்டுக்குப் போய் நான்தான் மன்னிப்புக் கேட்டேன். சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னேன். அவள் ஏதும் சொன்னதாக நினைவில்லை.

செய்திருக்கிறாள். செய்ததைச் சொல்லவில்லை. நான் கவனிக்கவும் இல்லை. அதற்கப்புறம் எத்தனை பட்டியல் அடித்தேன். எனக்காக அவள் எழுதியதில் ஒரு வரிகூட என்னைக் காயப்படுத்தவில்லை. நான் எழுதியதில்?

18 அக்டோபர், ஞாயிறு

பக்கம் 31. தாள் தீர்ந்தால் பிரிண்டர் நிற்கிறது. திரையில் அவள் எழுதிய வாசகம் வருகிறது: 'தாள் தீர்ந்தது. அவசரமில்லை.' விட்ட எழுத்திலிருந்தே மறுபடி தொடங்குகிறது.

வாசகத்தை அப்படியே விவரத்தில் எழுதலாமா என்று சம்பங்கியிடம் போனில் கேட்டேன்.

"கூடாது அங்கிள். அதுவும் உள்வரிதான். அர்த்தம் மட்டும் எழுதுங்க."

ஆக, அவசரமில்லை என்பதும் இப்போது ஆலைக்குச் சொந்தம். 'தாள் தீர்ந்ததைத் தெரிவிக்கிறது; பதற வேண்டியதில்லை என்பதையும் தெரிவிக்கிறது' என்று எழுதினேன்.

25 அக்டோபர், ஞாயிறு

தீபாவளிக்கு வரவில்லை. இருளாயி பெங்களூர் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "எளச்சுப் போயிட்டா" என்றாள். 

விவரம் முடிந்தது. 47 பக்கம். சம்பங்கியிடம் கொடுத்தேன். கையில் இருந்த காப்பியை அவன் முன்னாலேயே அழித்தேன். கேட்டபடி இரண்டாவது தடவையும் அழித்தேன்.

29 நவம்பர், ஞாயிறு

பெரியதம்பியின் புரோகிராம் முதல் தடவையாகத் தமிழ் அச்சடித்தது. சம்பங்கி ஃபிளாப்பியில் கொண்டுவந்தான். எழுத்து கொஞ்சம் தடிமன். 'ழ' நன்றாக இருக்கிறது. வேண்டுமென்றே தாளை எடுத்துவிட்டேன். திரையில் வந்தது: 'தாள் இல்லை. தாள் வைக்கவும்.' அவரைக் குறை சொல்ல முடியாது. பினாங்கு துறைமுகத்தில் கணக்காளராம், ராத்திரி வந்து எழுதுகிறார்.

இந்தப் புரோகிராம்களோடு ஒரு பெயர்க்கோப்பு வரும். அதுதான் அங்கே முறை. ஒரு காற்புள்ளியைத் திருத்தியவர் பெயர்கூட விடுபடாது. பழைய புள்ளியின் பெயர்க்கோப்பில் முனிலட்சுமியின் பெயர்கூட உண்டு. இதைத் திறந்து பார்த்தேன்.

எழுதியவர்: பெரியதம்பி.
செயல் விவரம்: பரமசிவம், ஓசூர்.

பவளத்தின் பெயர் இல்லை. இருந்தால் ஆலை வக்கீல் பிடித்துக்கொள்வார், வைக்கக்கூடாது என்கிறான் சம்பங்கி.

அவள் பெயர் இருந்த இடத்தில் என் பெயர். என் பெயரை எடுத்துவிடச் சொல்லி அவனிடம் எழுதிக் கொடுத்தேன். அவன் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான். "கேட்டுச் சொல்றேன்" என்றான். யாரிடம் என்று சொல்லவில்லை.

13 டிசம்பர்

பதிலில்லை.

3 ஜனவரி 1999, ஞாயிறு

காலை பதினொன்றே காலுக்கு போன். எடுத்தேன். அம்மாவைக் கேட்பாள் என்று ரிசீவரைப் பாதி நீட்டிவிட்டேன்.

"அப்பா."

வீட்டைவிட்டுப் போய் 132 நாள்.

"பேர எடுக்கச் சொன்னீங்களாமே."

"ஆமாம்மா. உன் பேர் இல்லாத எடத்துல என் பேர் எதுக்கு?"

"செஞ்சது நீங்க. செஞ்சவங்க பேரு இருக்கணும். எடுத்தா அது பொய்."

"நீ செஞ்சதும்மா அது."

"இத நான் எழுதலப்பா. பெரியதம்பி எழுதினாரு. அதுவும் நெஜம்தான்."

குரல் உடைந்தது அவளுக்கா, லைனுக்கா என்று என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. பூத்தில் பின்னால் யாரோ கன்னடத்தில் சீக்கிரம் முடிக்கச் சொன்னார்கள்.

"விவரத்தப் படிச்சேன்" என்றாள். "பதினொண்ணாம் பக்கம்."

"ரெண்டு வருஷம் கழிச்சித்தான் பாத்தேன்."

 பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்வாள் என்று ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தேன். ஜூலை 30ஆம் தேதி வராத வார்த்தையை அப்போது சொன்னேன். "தப்புதாம்மா. காட்டியிருக்கணும்."  அவள் வைத்துவிடவில்லை.

"பொங்கலுக்கு லீவு கேட்டிருக்கேன்" என்றாள் பிறகு. "கெடைக்குமான்னு தெரியாது."

"எப்பத் தெரியும்?"

"வெள்ளிக்கெழம."

"அவசரமில்லம்மா" என்றேன்.

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அம்மாகிட்ட குடுங்க" என்றாள்.

என் பெயர் கோப்பில் இருக்கிறது. புதுப் புரோகிராமின் முதல் வடிவம் 10ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் வெளியாகும் என்று பெரியதம்பி சொல்லியிருக்கிறார். தகவல்: சம்பங்கி. அஞ்செட்டிக்கு ஒரு ஃபிளாப்பி மறுநாளே தபாலில் போகும். பவளம் வருவாளா என்பது 8ஆம் தேதி வெள்ளிக்கிழமை தெரியும். வந்தால் என்னோடு பேசுவாளா என்பதை உறுதிசெய்ய இன்னும் ஆளில்லை.